அளவோடு செலுத்தும் மயக்க வாயு
(இருக்கன்குடியில் ஆற்றிய உரை)



மயக்கத்தில் இருப்பவரின் உடல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனையே செலவிடுகிறது. ஆயினும் பழைய வழக்கப்படி 4 முதல் 6 லிட்டர் வாயு செலுத்தப்படும். மிகுதி மருந்தோடு வெளியேறி வீணாகும். குறைந்த ஓட்ட முறையில் இது 1 லிட்டராகக் குறைகிறது. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சோடாச் சுண்ணாம்பு ஈர்த்துக்கொள்ள, எஞ்சிய ஆக்சிஜனும் மருந்தும் மீண்டும் நோயாளரிடமே செல்கின்றன. செலவு குறைகிறது, மூச்சுக்காற்று வெப்பமும் ஈரமும் பெறுகிறது. டெஸ்ஃபுளூரேன் என்னும் மயக்க வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,500 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. அது வானில் கலப்பதும் குறைகிறது.

இது பாதுகாப்பானதா? கண்காணிப்பு இருப்பின், ஆம். தொடக்கத்தில் சில நிமிடங்கள் மிகுந்த ஓட்டம் தேவை. பின்னரே குறைக்க வேண்டும். ஆக்சிஜன், கரியமில வாயு, மயக்க மருந்து ஆகியவற்றின் அளவைக் கருவிகள் இடைவிடாது காட்ட வேண்டும். நிறம் மாறிய சுண்ணாம்பை உடனே மாற்ற வேண்டும்.

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தார் இன்னொன்றும் அறிதல் நலம். பட்டாசு ஆலைத் தீயில் புகையைச் சுவாசித்தவரின் குருதியில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கக்கூடும். அதனைச் சுண்ணாம்பு ஈர்க்காது. குறைந்த ஓட்டத்தில் அந்நச்சு மீண்டும் அவருள்ளேயே சுழலும். குடலிறக்க அறுவைக்குப் பொருந்தும் இம்முறை அவருக்குப் பொருந்தாது. ஆக்சிஜனைத் தாராளமாகச் செலுத்துவதே முறை. ஆகவே தீக்காயமுற்றவரை அழைத்து வருவோர், அவர் புகை சூழ்ந்த அறையில் அகப்பட்டிருந்தாரா என்பதை மயக்க மருத்துவரிடம் முதலில் கூறுங்கள்.