மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் பயணம்

(விழுப்புரத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பணியாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கூட்டப்பெற்றுள்ள இம்முகாமில் ஏரிக்கரைகளைக் காப்பது பற்றியும் குடிநீரைத் தூய்மை செய்வது பற்றியும் அன்பர்கள் பேசினர். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது. இது காவல் துறையினர் பேச வேண்டிய விஷயமல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே, கிராம வளர்ச்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பை முதலில் கூறிவிடுகிறோம்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில் கிராம சேவகர் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்றார். சென்னையில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கியது 1955ஆம் ஆண்டில்தான். அன்று அது வசதி படைத்தவரின் வண்டி. இன்றோ பால் ஊற்றுபவருக்கும், பள்ளி ஆசிரியைக்கும், கிராம செவிலியருக்கும், கரும்பு விவசாயிக்கும், ஊராட்சிச் செயலருக்கும் அதுவே கால். மழை பெய்கிறது என்பதற்காக மாடு பால் சுரக்காமல் இருப்பதில்லை, பிரசவம் காத்திருப்பதில்லை. எனவே மழையில் வண்டி எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நாம் அமர்ந்துவிட முடியாது. எப்படி எடுப்பது, எப்போது எடுக்காமல் இருப்பது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடிற்று.

அந்நாட்களில் நடந்த ஒன்றை இங்கே மறைக்காமல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வெள்ளம் வடியத் தொடங்கிய ஒரு மாலைப்பொழுது. வீடு இடிந்தோர் பட்டியலைக் கேட்டு ஊராட்சிச் செயலர் ஒருவரை நாம் தொலைபேசியில் அழைத்தோம். "சார், தூறல் விடவில்லை. காலையில் முதல் வேலையாகக் கொண்டுவந்துவிடுகிறேன்" என்றார் அவர். "அதெல்லாம் முடியாது, இன்றிரவே வேண்டும்" என்றோம் நாம். அவர் பட்டியலை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார். ஒரு வளைவில், வயலிலிருந்து ஏறிய டிராக்டர் உதிர்த்துச் சென்ற சேறு சாலையில் கிடந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் புலப்படவில்லை. முன் பிரேக்கை இறுகப் பிடித்தார், வண்டி சறுக்கிற்று, தொடை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் அணிந்திருந்தமையால் உயிர் தப்பினார்.

சட்டைக்குள் இருந்த பட்டியல் நனையவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நாம் மேலிடத்திற்கு அனுப்பியது இரண்டு நாட்கள் கழித்தே. மறுநாள் காலையில் வந்திருந்தாலும் ஒரு குறையும் நேர்ந்திராது. அவர் இன்று இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார். தம் பெயரைக் கூற வேண்டாம் என்றும், இப்பொருளைப் பற்றி அவசியம் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டவர் அவரே.

இனி, மழை சாலையை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பெருமழையைக் காட்டிலும் முதல் தூறலே அதிகம் வழுக்கும். பல நாட்களாகச் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் சிறிதளவு நீரில் குழைந்து பசையாகின்றன. நல்ல மழை அதனைக் கழுவிச் சென்ற பிறகு பிடிப்பு ஓரளவு திரும்புகிறது. எனவே தூறல் தொடங்கியவுடன் வீட்டை அடைந்துவிடலாம் என்று வண்டியை முடுக்குபவர், மிக ஆபத்தான நேரத்தில் மிக வேகமாகச் செல்கிறார். அரை மணி நேரம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நிற்பவரே அறிவாளி. ஆனால் மரத்தடியில் ஒதுங்கலாகாது. இடிக்கும் முறிந்து விழும் கிளைக்கும் அது இலக்கு.

அடுத்தது வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். பள்ளத்தைக் கண்டு கை பிரேக்கிற்குப் போவதற்குள்ளாகவே அத்தனை தூரம் போய்விடும். மேலும், வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் இது இன்னும் நீளும். 60இல் போகிறவர் 40க்கு இறங்கினால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து சேர ஏறத்தாழ 20 நிமிடம் கூடும். அந்த 20 நிமிடத்திற்காகத்தான் நாம் உயிரைப் பணயம் வைக்கிறோம்.

பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். முன், பின் இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்துங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. எனினும் நம் கிராமங்களில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. டயரில் வரி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் நீரை ஒதுக்கித் தள்ள வழியில்லாமல் சக்கரம் நீரின் மேலேயே வழுக்கும். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும் கையோடு டயரையும் பார்த்துவிடுங்கள். ரயில்வே கேட்டின் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், பாலத்தின் இரும்புப் பட்டையும் ஈரத்தில் வழுக்கும்.

பின்னால் அமர்ந்து குடை விரிப்பது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. காற்று குடையைப் பற்றினால் வண்டியையே சாய்த்துவிடும். உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போவதும் அவ்வாறே. அது பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது. வெளிர் நிறத்தில் ஒரு மழைச்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் என்பதை மறவாதீர்கள்.

ஊராட்சி மன்றங்கள் இதில் செய்ய வேண்டியதும் உண்டு. நம் வட்டாரத்தில் ஓடைகளைக் கடக்கத் தரைப்பாலங்கள் பல உள்ளன. அவற்றின்மேல் முழங்காலளவு நீர் ஓடினால் ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடும். கலங்கிய நீரின் கீழ்ப் பாலம் இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது யாருக்கும் தெரியாது. "நேற்றுகூடப் போனேனே" என்பது இங்கே சான்றாகாது. தரைப்பாலத்தின் இருபுறமும் நீர் அளவைக் காட்டும் கற்களை நட்டு வண்ணம் தீட்டுங்கள். நீர் மேலே ஏறியதும் குறுக்கே கயிறு கட்டி ஓர் ஆளை நிறுத்துங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் சாலையில் ஏறுமிடத்தில் கிடக்கும் சேற்றை அன்றன்றே வழித்தெடுக்கச் செய்யுங்கள். ஒரு மண்வெட்டியும் ஒரு மணி நேரமும் போதும். அந்த வளைவில் யாரேனும் இதைச் செய்திருந்தால் நம் நண்பர் இன்று விந்தி நடக்க வேண்டியிராது.

விபத்தைக் கண்டால் ஒதுங்கிச் செல்லாதீர்கள். 108க்கு அழையுங்கள். உதவி செய்பவரை வழக்கில் இழுக்கலாகாது என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காப்பளிக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் நெடுஞ்சாலையிலேயே உள்ளது.

இறுதியாக, அதிகாரிகளாகிய நமக்கும் ஒரு சொல். ஈரச் சாலையில் விரையும் வண்டிகளில் சிலவற்றை விரட்டுவது மழையன்று. நம்முடைய "உடனே வா" என்னும் குரலே. உயிரைக் காக்கும் பணியாயின் உடனே என்பது பொருந்தும். காகிதத்திற்கு அது பொருந்தாது. நம் அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளோம். மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் இருட்டிய பிறகு எந்தச் செயலரையும் நேரில் அழைப்பதில்லை. பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்குப் போதும். மூலப் பிரதி வெயில் வந்தபின் வரட்டும். "மழை பெய்கிறது, காலையில் வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதைச் சோம்பல் என்று கொள்ளாமல் பொறுப்பு என்று கொள்கிறோம்.

இவ்வழக்கத்தை ஒவ்வோர் அலுவலகமும், ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கமும், ஒவ்வொரு பள்ளியும் கைக்கொள்ள வேண்டுகிறோம். வீட்டில் உள்ளவர்களும், "இன்னும் ஏன் வரவில்லை?" என்று பலமுறை அழைத்து வண்டியில் இருப்பவரைப் பதறச் செய்யாதிருப்பார்களாக. இவ்வாண்டுப் பருவமழை ஏரிகளை நிரப்பட்டும். மருத்துவமனைப் படுக்கைகளை நிரப்பாதிருக்கட்டும்.