நுவரெலியா அறையும் கராஜ் கதவும்



எங்கள் வீட்டில் ஒரு அறைக்கு நுவரெலியா என்று பெயர். வீடு இருப்பது இலங்கையின் அந்தக் குளிர் மலைநகரில் இல்லை, கனடாவின் மார்க்கம் நகரில்தான். கராஜுக்கு மேலே இருக்கிற படுக்கையறை அது. என் மாமி அதில் இருக்கிறார். ஜனவரி பிறந்தால் அவருக்கு இரண்டு ஸ்வெற்றர், காலுக்குக் கம்பளி மேஸ், தலைக்குத் தொப்பி. வீட்டின் மற்ற இடமெல்லாம் 21 பாகை காட்டும்போது அந்த அறையில் 15ஐத் தாண்டாது. ஃபேர்னஸைக் கூட்டி வைத்தால் மற்ற அறைகளில் இருப்பவர்கள் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறப்பார்கள். மாமிக்குக் குளிர் போகாது. காஸ் பில் மட்டும் ஏறும்.

"கராஜ் கதவை மாத்துங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. மாற்றினோம். ஆனால் மாற்றுவதற்கு முன் கேட்ட, பார்த்த சில விஷயங்கள்தான் உண்மையில் காசை மிச்சம் பிடித்தன. அதைத்தான் இன்று உங்களோடு கதைக்கலாம் என்று வந்தேன்.

ஊரில் கராஜ் என்றால் மெக்கானிக் வேலைசெய்யும் இடம். காரைக் கராஜில் விட்டிருக்கிறேன் என்றால் அது பழுதாகிக் கிடக்கிறது என்று பொருள். இங்கே அது வீட்டின் ஓர் அறை. கார் நிற்கிறதோ இல்லையோ, அரிசி மூட்டை நிற்கும், கோடைக்கு வாங்கிய கதிரைகள் நிற்கும், மீன் பொரிக்கிற காஸ் அடுப்பும் நிற்கும். அந்த அறையின் ஒரு சுவர் முழுவதும் கதவு. இரண்டு கார் நிற்கிற கராஜுக்கு 16 அடி அகலம், 7 அடி உயரம்: 112 சதுர அடி. வீட்டில் வேறு எந்த யன்னலும் கதவும் இந்த அளவுக்குப் பக்கத்திலும் வராது. பழைய வீடுகளில் இது பெரும்பாலும் ஒற்றைத் தகரம். தகரம் குளிரை மறிக்காது. காற்றை மறிக்கும், அதுவும் அரைகுறையாக.

விற்பனையாளர் வந்தார். கையில் கதவை வெட்டி எடுத்த ஒரு துண்டு, கேக் துண்டு மாதிரி. வெளியே தகரம், உள்ளே தகரம், நடுவில் மஞ்சள் நுரை. "ஆர் 18" என்றார். ஆர் என்பது வெப்பம் கடந்துபோவதைத் தடுக்கும் வலு. எண் கூடினால் தடை கூடும். நடுவில் இருப்பது இரண்டு வகையாக வரும். ஒன்று பொலிஸ்ரைரீன். ஊரில் ரெஜிபோம் என்போமே, அந்த இனம். பலகையாக வெட்டி உள்ளே செருகுவார்கள். மற்றது பொலியூரத்தேன், திரவமாக உள்ளே விட, அது பொங்கி இரண்டு தகரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே தடிப்புக்குப் பொலியூரத்தேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடுக்கும். கதவும் விறைப்பாக நிற்கும், திறக்கும்போது கடகடக்காது. விலையும் கூட.

அவர் போனபின் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே மைனஸ் 15, கராஜுக்குள் 5 பாகை என்று வையுங்கள். வெறும் தகரக் கதவை ஆர் 1 என்று எடுத்தால், அந்த 112 சதுர அடியால் கிட்டத்தட்ட 1,200 வாற் வெப்பம் வெளியே போகிறது. சின்ன மின்சார ஹீற்றர் ஒன்று முற்றத்தைச் சூடாக்குகிற மாதிரி. ஆர் 9 போட்டால் அது 130 வாற்றுக்கு இறங்குகிறது. ஆர் 18 போட்டால் 65. ஒன்றிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது ஆயிரம் வாற்றுக்கு மேல் மிச்சம்; ஒன்பதிலிருந்து பதினெட்டுக்குப் போகும்போது மிச்சம் பழைய காலத்து பல்ப் ஒன்று எரிகிற அளவு. விலைப்பட்டியலில் மட்டும் அந்த இரண்டாவது தாவல் சின்னதாக இல்லை.

இன்னொன்று. அந்த 18 என்பது பலகையின் நட்ட நடுவில் எடுத்த அளவு. கதவு ஒரே பலகை அல்லவே. 1921இல் அமெரிக்காவில் சி. ஜி. ஜோன்சன் என்பவர் மேலே ஏறித் திறக்கும் கதவைக் கொண்டுவந்த நாளிலிருந்து இது கிடையாகத் துண்டு போட்ட கதவுதான். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே மூட்டு, பக்கங்களில் இடைவெளி, கீழே ரப்பர், கண்ணாடி வைத்தால் அதன் சட்டம். பொருத்திய பிறகு முழுக் கதவையும் அளந்தால் எண் நன்றாகவே இறங்கிவிடும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இது பலகைக்கா, முழுக் கதவுக்கா?" என்பது. எங்களுக்கு வந்தவர் கொஞ்ச நேரம் தன் கேக் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சோதனைக்குக் காசே தேவையில்லை. நல்ல வெயில் நேரத்தில் கராஜுக்குள் போய்க் கதவை மூடி, லைற்றை அணைத்துவிட்டு நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். எங்கள் கதவின் கீழ் மூலையில் விரல் அகலத்துக்கு ஒரு வெளிச்சம், இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. வெளிச்சம் வருகிற வழியால் காற்றும் வரும். பக்கத்து ரப்பரும் கீழ் ரப்பரும் மாற்றுவது சில மணித்தியால வேலை. கீழ் ரப்பர் வாங்கும்போது குளிரில் விறைக்காததாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான பிளாஸ்ரிக் வகை மைனஸ் 20இல் கம்பி மாதிரி நிற்கும். அது தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்ட காலையில் பட்டனை அமத்தி அமத்திப் பார்க்க வேண்டாம். ரப்பர் கிழியும், இல்லாவிட்டால் மோட்டர் போகும்.

ஆனால் மாமியின் குளிருக்குப் பெரிய காரணம் கதவில்லை. வேலைக்கு வந்த தம்பி ஒருவர் கராஜின் சீலிங்கில் ஒரு சதுரம் வெட்டி, என்னை ஏணியில் ஏற்றிக் காட்டினார். இளஞ்சிவப்புப் பஞ்சு போட்டிருந்தார்கள். அது கீழே தொய்ந்துபோய், மேலே இருக்கும் அறையின் நிலப்பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கையை உள்ளே விட்டேன், காற்று ஓடுகிறது. மாமியின் கட்டிலுக்கு நேர் கீழே! போதாததற்கு, அவருடைய அறைக்குச் சூடு கொண்டுபோகிற குழாயும் அந்தக் குளிருக்குள்ளால்தான் போகிறது. "அண்ணை, முதல் இதை அடைப்பம், பிறகு கதவைப் பாப்பம்" என்றார் தம்பி. கதவு விற்காத மனிதர் சொன்ன புத்தி என்பதால் உடனே நம்பினேன். செப்ரெம்பரில் சீலிங்குக்கு நுரை அடித்தோம், குழாயைச் சுற்றிக் கட்டினோம். ஒக்டோபரில் கதவு.

எந்தக் கதவு என்று கேட்பீர்கள். கராஜ் வீட்டோடு ஒட்டி, மேலே அறையும் இருந்தால் பொலியூரத்தேன் போட்ட நடுத்தரக் கதவு போதும் என்பது என் எண்ணம். வெளித் தகரமும் உள் தகரமும் ஒன்றையொன்று தொடாமல் இடையில் தடுப்பு வைத்ததாக இருக்க வேண்டும்; தொட்டால் நுரையைச் சுற்றிக்கொண்டு குளிர் உள்ளே வந்துவிடும். கராஜுக்குள் ஹீற்றர் போட்டு மரவேலை, உடற்பயிற்சி என்று இருப்பவர்கள் மேலே போகலாம். வீட்டைத் தொடாமல் தனியே நிற்கும், சூடு போடாத கராஜுக்கு விலை கூடிய கதவு வாங்கினால் வீட்டின் காஸ் பில்லில் ஒரு சதமும் குறையாது.

கனமான கதவுக்கு அதற்கேற்ற ஸ்பிரிங் வேண்டும். பழைய கதவுக்கு உள்ளே நுரைப் பலகை ஒட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஸ்பிரிங் ஒன்றுக்கு 10,000 தடவை திறந்து மூடும் ஆயுள் சொல்வார்கள். நாளுக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடம் ஆகுமுன் முடிந்துவிடும். அதைக் கழற்றுகிற வேலையை மட்டும் வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம். முறுக்கி வைத்த ஸ்பிரிங் கையை உடைத்துவிடும்.

இறுக்கி அடைத்த கராஜ் என்றால் இன்னொரு பயமும் உண்டு: கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. கதவு திறந்திருந்தாலும் உள்ளே காரை ஓடவிட்டுச் சூடாக்கக் கூடாது. மீன் பொரிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2014 ஒக்டோபர் 15 முதல், ஒட்டிய கராஜ் உள்ள வீட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வைப்பது சட்டம். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு தானாக மூடவேண்டும் என்பதும் விதி. சாமான் தூக்கி வரும்போது இடைஞ்சல் என்று அந்தக் கதவைத் தானாக மூடவைக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருக்கிற வீடுகள் எத்தனை! எங்கள் வீடும் அதில் ஒன்றாக இருந்தது.

கராஜில் பழைய பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். போன வருடக் கடும் குளிரில் எங்கள் பிரீசரில் இருந்த மீன் இளகிவிட்டது. கரண்ட் போகவில்லை. மேல், கீழ் இரண்டு தட்டுக்கும் ஒரே உணரி இருக்கிற பிரிட்ஜ் அது. கராஜ் 2 பாகையில் இருக்கும்போது, கீழ்த் தட்டு போதுமான அளவு குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷின் ஓடாமலே இருந்திருக்கிறது. பிரீசரும் மெல்ல மெல்லக் கராஜின் சூட்டுக்கு வந்துவிட்டது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, உள்ளே அறுக்குளா இளகிக் கிடந்தது.

புதுக் கதவு வந்து முதல் ஜனவரி. காலையில் உள்ளே போய்ப் பார்த்தேன். பலகையில் பனி இல்லை. பிணைச்சல்களின் திருகாணித் தலைகளில் மட்டும் உப்புக்கல் மாதிரி வெள்ளையாக ஒவ்வொரு பொட்டு. மாமியின் அறையில் வெப்பமானி 19 காட்டியது. ஒரு ஸ்வெற்றரைக் கழற்றிவிட்டார். மற்றதை மே மாதம் பார்க்கலாம் என்கிறார்.