சமுத்திரத்துக்கு 400 கிலோமீட்டர் முன்னால்

(நாக்பூர் உறுப்பினர்களின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வட துருவம் போய் வந்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நோட்டீஸிலும் அப்படியே அச்சடித்துவிட்டார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் வட துருவம் போகவில்லை. ஆர்க்டிக் சமுத்திரக் கரை வரை போகக் கிளம்பி, அதைக்கூடப் பார்க்காமல் திரும்பியவன். 38 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு ரிக்கார்டில் தப்பு இருந்தால் தூக்கம் வராது.

2019ல் எனக்கு எழுபது பூர்த்தியாயிற்று. பீமரத சாந்தி பண்ணிக்கொள்ளப் பக்கத்தில் உட்கார என் சகதர்மிணி இல்லை. 2016ல் காலமாகிவிட்டாள். கால்கரியில் இருக்கும் என் பிள்ளை போன் செய்து, "ஹோமம் வேண்டாம்னா சரிப்பா. எனக்குப் பத்து நாள் லீவு இருக்கு. ரெண்டு பேருமா எங்கேயாவது போயிட்டு வரலாம், வாங்கோ" என்றான். எங்கேயாவது என்றால் பனஃப், நயாகரா என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். அவன் மனதில் இருந்தது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை.

கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டி, யூக்கான் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. 1890களின் கடைசியில் தங்க வேட்டை நடந்த டாசன் நகரம் அங்கேதான். டாசனுக்குக் கிழக்கே 40 கி.மீ.யில் பிரியும் டெம்ப்ஸ்டர் சாலை, ஏறத்தாழ 740 கி.மீ. வடக்கே போய் இனுவிக் என்ற ஊரில் முடிகிறது. பெரும்பாலும் தார் கிடையாது, சரளைதான். 1959ல் வேலை ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, 1979ல்தான் திறந்தார்கள். நம் ஊர்ப் பொதுப்பணிக்காரர்களைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும். இனுவிக்கிலிருந்து சமுத்திரக் கரையில் இருக்கும் டுக்டோயாக்டுக் என்ற கிராமம் வரை இன்னும் 140 கி.மீ. போல ஒரு சாலை 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் கோடைகாலத்தில் அந்தக் கிராமத்துக்குக் காரில் போகவே முடியாது.

நாங்கள் வொய்ட்ஹார்ஸ் என்ற ஊர் வரை விமானத்தில் போய், அங்கே டிரக் கேம்பர் வாடகைக்கு எடுத்தோம். பெரிய பிக்கப் டிரக்கின் பின்புறத் தொட்டியில் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்தாற்போல இருக்கும். கேஸ் அடுப்பு, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஒரு கழிவறை எல்லாம் உண்டு. டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் கட்டில். அதில் ஏற என் முழங்கால் சம்மதிக்கவில்லை. பிள்ளை மேலே படுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேஜையை மடக்கினால் வரும் பலகை எனக்கு. நாங்கள் கல்யாணமான புதிதில் தாதரில் இருந்த ஒண்டுக்குடித்தனத்தை விட இடம் கொஞ்சம் அதிகம்தான்.

சாப்பாட்டுக்கு மாட்டுப்பெண் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், சின்ன குக்கர் எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். டூம்ஸ்டோன் மலைப் பூங்காவில் முதல் ராத்திரி. இரண்டு பக்கமும் கருத்த மலைகள், இலை அசையாத நிசப்தம். நம் குக்கர் முதல் விசில் விட்டதும் பக்கத்து முகாமிலிருந்து ஒருவர் ஓடி வந்து ஏதாவது ஆபத்தா என்று விசாரித்தார். சாதம் என்றேன். கரடி வரக்கூடிய இடமாகையால் சாப்பாட்டுச் சாமான் எதையும் வெளியே வைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பெருங்காய வாசனையை எந்தப் பெட்டியில் பூட்டி வைப்பது என்று பிள்ளை கேட்டான். கரடி வரவில்லை, தரையணில்கள்தான் வந்தன. கரிபூ என்ற மான் கூட்டங்களைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டிருந்தேன். ஜூனில் அவை குட்டி போட வடக்கே கடற்கரைச் சமவெளிக்குப் போய்விடுமாம்.

அடுத்தது மாமாக்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி. சூரியனே அஸ்தமிக்காத இடத்தில் சாயங்கால சந்தி எப்போது? பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. தொண்ணூறில் அதைக் கழித்தால் அறுபத்தாறரை. அந்த அட்சரேகைக்கு வடக்கே ஜூன் 21 வாக்கில் சூரியன் அடிவானத்தைத் தொடாமல் சுற்றி வரும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்குப் பண்ணினேன். திரும்பி வந்து வாத்தியாரைக் கேட்டேன். "பண்ணினேளே, அதுவே சரி" என்று முடித்துவிட்டார்.

அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். அங்கே நிலத்தடியில் மண் வருஷம் முழுக்க உறைந்தே இருக்கும். கோடையில் மேலே ஓரிரு அடி மட்டும் இளகிச் சேறாகும். நேராக அதன் மேல் சாலை போட்டால் வெயிலில் அடியில் இருக்கும் ஐஸ் உருகிச் சாலை உள்ளே போய்விடும். ஆகவே 1.2 முதல் 2.4 மீட்டர் கனத்துக்குச் சரளையைக் கொட்டி மெத்தை போட்டிருக்கிறார்கள். வழக்கமாகச் சாலை நம்மைத் தாங்குவதற்காகப் போடுவது. அங்கே நிலத்துக்குச் சூடு படாமல் போர்த்துவதும் அதன் வேலை. மே மாதம் 45 டிகிரியில் வேகும் நாக்பூர்க்காரனுக்கு இது ஒரு விசித்திரம். புழுதி அடங்க கால்சியம் குளோரைடு தூவுகிறார்கள். பி.எஸ்ஸி.யில் டெசிக்கேட்டருக்குள் வைப்போமே, அதே சமாசாரம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை பெய்தால் எல்லாம் சேர்ந்து வண்டி மேல் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் சில இடங்களில் சரளை என்பது ஷேல் பாறையின் உடைசல். அருவாமணை மாதிரி விளிம்பு. ஒகில்வி ஆற்றை ஒட்டிப் போகும்போது பின் டயர் ஒன்று வெடித்துக் கிழிந்தது. பிள்ளை கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினான். சொன்னேன், கேட்கவில்லை. ஸ்டெப்னி மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, கொசு வேறு. அதற்குள் அந்தப் பக்கம் வந்தவை இரண்டே வண்டிகள். இரண்டும் நின்றன. நிற்கும் வண்டியைத் தாண்டிப் போவது அங்கே வழக்கமில்லை.

370ஆவது கி.மீ. வாக்கில் ஈகிள் பிளெயின்ஸ். ஊர் இல்லை. ஒரு ஹோட்டல், ஒரு பெட்ரோல் பம்ப், டயர் பார்க்கும் ஒரு கொட்டகை. அதற்கு முன்னாலும் பின்னாலும் பல மணி நேரத்துக்கு வேறொன்றும் கிடையாது. நாங்கள் போனபோது செல்போன் சிக்னலும் இல்லை. மெக்கானிக் எல்லா டயர்களையும் படுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு பின் டயரின் பக்கவாட்டில் நூல் தெரிகிற வெட்டு ஒன்றைக் காட்டினார். பக்கவாட்டில் ஒட்டுப் போட முடியாது. "5 கிலோமீட்டரும் ஓடலாம், 500ம் ஓடலாம்" என்றார். எங்கள் அளவு டயர் அவரிடம் இல்லை. டாசனிலிருந்து வரும் லாரியில் சொல்லிவிட்டால் இரண்டு நாளில் வரும்.

பிள்ளை கணக்குப் போட்டான். சமுத்திரம் இன்னும் 500 கி.மீ. சொச்சம். இரண்டு நாள் இங்கே உட்கார்ந்தால் டுக்டோயாக்டுக் கிடையாது. "மெதுவாப் போயிடலாம்பா. இனுவிக்கில் டயர் கிடைக்கும்" என்றான். நான் வேண்டாம் என்றேன். "உங்களுக்காகத்தானேப்பா வந்தேன், சமுத்திரத்தைப் பார்க்காம எப்படி?" என்று குரலை உயர்த்திவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த ஹோட்டல் சுவர்களில் பழைய போட்டோக்கள் மாட்டியிருந்தார்கள். அங்கே நின்று பார்த்தபோதுதான் டெம்ப்ஸ்டர் யார் என்று தெரிந்துகொண்டேன். 1910 டிசம்பர் 21ஆம் தேதி, இன்ஸ்பெக்டர் பிட்ஜெரால்ட் என்ற போலீஸ் அதிகாரி மூன்று பேருடன், நாய் இழுக்கும் சறுக்கு வண்டிகளில், ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்குத் தபால் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்ற வருஷங்களில் டாசனிலிருந்துதான் இந்த ரோந்து புறப்படும், அந்த வருஷம் திசை மாறியது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். வழிகாட்டியாக இருந்தவர் அந்தப் பாதையில் ஒரே ஒரு தடவை, அதுவும் எதிர்த்திசையில், போனவர். நடுவில் அந்த மண்ணின் பூர்வகுடியான க்விச்சின் இனத்தவர் ஒருவர் சில நாள் வழி காட்டினார். அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்ப வேண்டிய ஓடையைக் கோட்டைவிட்டு, கடும் குளிரில் நாள் நாளாகத் தேடினார்கள். திரும்புவது என்று முடிவு செய்தபோது சாப்பாடு தீர்ந்திருந்தது. வண்டி இழுத்த நாய்களையே கொன்று தின்ன நேர்ந்தது. நான்கு பேரும் பிழைக்கவில்லை. கடைசி இருவர் கிளம்பிய இடத்துக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தூரம் வரை திரும்பி வந்திருந்தார்கள். 1911 மார்ச்சில் சடலங்களைக் கண்டுபிடித்தவர் கார்ப்பொரல் டெம்ப்ஸ்டர். அவருக்கு வழிகாட்டியாகப் போனவர் சார்லி ஸ்டூவர்ட் என்ற க்விச்சின் இனத்தவர். சாலைக்கு டெம்ப்ஸ்டர் பெயர்.

பிட்ஜெரால்டை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் சொல்கிறேன். இந்த ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. என் மனைவிக்கே சொன்னதில்லை.

1988 ஜூலையில் நான் ஹிமாசல பிரதேசத்தில், லாஹௌல் பக்கம், இன்ஸ்பெக்ஷனுக்குப் போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஜீப் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அந்த ஊர்க்காரரான டிரைவர், "ஸாப், இப்போது வேண்டாம். காலை ஐந்து மணிக்குப் போகலாம்" என்றார். மலையில் பனி பகலில் உருகும், சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஏறும், விடியலில்தான் குறையும். சயன்ஸ் படித்த எனக்கு அவர் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மறுநாள் கூட்டம். போ என்றேன். நடு ஓடையில் ஜீப் நின்றது. அவர் தண்ணீரில் இறங்கித் தள்ளியபோது உருண்டு வந்த கல்லில் கால் மாட்டி உடைந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அப்புறம் அவர் ஜீப் ஓட்டவில்லை. எதிர்பாராமல் தண்ணீர் உயர்ந்ததால் ஏற்பட்ட விபத்து என்று ரிப்போர்ட் எழுதினேன். 'எதிர்பாராமல்' என்ற அந்த ஒரு வார்த்தை பொய். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், கோப்பு மூடியது.

அன்று இரவு பதினொரு மணிக்கு, வெயில் கேம்பரின் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தபோது, இதைப் பிள்ளையிடம் சொன்னேன். மேல் கட்டிலிலிருந்து பதிலே வரவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். காலையில் எழுந்து போய் டயருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். காக்கைக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் ரேவன் பறவைகளுக்கு அப்பளம் போட்டுப் பார்த்தேன். காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று ஒரு பெண்மணி கண்டித்தார், நிறுத்திக்கொண்டேன். அங்கே மரங்கள் எல்லாம் குச்சி குச்சியாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கள் குடித்தவர்கள் போல நிற்கும். அடியில் ஐஸ் இளகும்போது வேர் பிடிப்பு விட்டுப் போவதுதான் காரணம்.

மூன்றாம் நாள் டயர் வந்தது. மாட்டியபின் அரை நாள்தான் மிச்சம் இருந்தது. 36 கி.மீ. போய் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். இன்னும் 60 கி.மீ. மேலே ஏறினால் ரிச்சர்ட்ஸன் மலைகளின் கணவாய். அங்கே யூக்கான் முடிந்து வடமேற்குப் பிரதேசம் தொடங்குகிறது. மரம் ஒன்றுகூட இல்லை, பாசியும் புல்லும் கல்லும்தான். காற்றில் நிற்க முடியவில்லை. அந்தப் பக்கம் சாலை இறங்கி வடக்கே போவது வெகு தூரத்துக்குத் தெரிந்தது. சமுத்திரம் அங்கிருந்து 400 கி.மீ. போல. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளைதான் முதலில் வண்டியில் ஏறித் திருப்பினான்.

திரும்பி வரும்போது நூறு கிலோமீட்டர் போல ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த டிரைவர் பேர் என்னப்பா?" என்று கேட்டான். சொன்னேன். "இப்போ எங்கே இருக்கார்?" தெரியாது என்றேன். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அறுபதுக்கு மேல் வேகமும் போகவில்லை.

நாக்பூர் வந்ததும், பழைய சகா ஒருவர் மூலமாக விசாரித்து விலாசம் வாங்கி, ஹிந்தியில் ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது என் பிடிவாதத்தால்தான், ரிப்போர்ட்டில் நான் எழுதியது சரியல்ல என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அவர் பிள்ளை கைப்படப் பதில் வந்தது. அப்பா சௌக்கியம், தடி ஊன்றி நடக்கிறார், ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறோம் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி. அப்பா ஒன்று கேட்கச் சொன்னார்: அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு ஸாப் போய்ச் சேர்ந்தாரா?

போய்ச் சேரவில்லை. அந்தக் கூட்டமே ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. அதையும் எழுதிப் போட்டேன்.

காபி ஆறுகிறது என்று மாமி ஜாடை காட்டுகிறார். நமஸ்காரம்.