முன்னே கொடுப்பதா, பின்னே கொடுப்பதா?

நள்ளிரவில் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கடுமையாகிறது. மூச்சு வாங்குகிறது. தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். தந்தை சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். அவ்வேளையில் அவர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. "குழந்தைக்கு என்ன?" என்பது முதல் வினா. "எவ்வளவு ஆகும்?" என்பது இரண்டாவது வினா. முதல் வினாவுக்கு மருத்துவர் விடை கூறுவார். இரண்டாவது வினாவுக்கு உரிய விடையோ, ஒரு நாடு தன் மக்களோடு செய்துகொண்டுள்ள உடன்பாட்டைப் பொறுத்தது. அந்த உடன்பாட்டைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இலவச மருத்துவம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அப்படி ஒன்று உலகில் எங்கும் இல்லை. மருத்துவருக்கு ஊதியம் வேண்டும். மருந்துக்கு விலை உண்டு. கட்டிலுக்கும் கருவிக்கும் செலவு உண்டு. யாரோ ஒருவர் எப்போதோ அதைக் கொடுத்தே தீரவேண்டும். ஆகவே, கொடுப்பதா வேண்டாவா என்பது கேள்வியன்று. நலமாக இருக்கும் நாளில் எல்லாரும் தத்தம் வருவாய்க்கு ஏற்ப முன்னே கொடுத்துவைப்பதா, அல்லது நோய் வந்த நாளில் நோயாளியே பின்னே கொடுப்பதா என்பதுதான் கேள்வி. இவ்விரு வழிகளுக்கும் பிரிட்டனையும் அமெரிக்காவையும் எடுத்துக்காட்டாகக் கூறுவார்கள். ஆனால் அவ்விரு நாடுகளின் கதையும் ஏறத்தாழ ஒரே வகையான விதையிலிருந்து தொடங்கியது என்பதைப் பலர் கருதுவதில்லை.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்று ஒரு சிற்றூர் உண்டு. நிலக்கரியும் இரும்புமே ஒரு காலத்தில் அவ்வூரின் பிழைப்பாக இருந்தன. சுரங்கத்தில் இறங்கியவன் மாலையில் முழு உடம்போடு திரும்புவான் என்பதற்கு உறுதி இல்லை. திரும்பினாலும் நிலக்கரித் தூசி நெஞ்சில் படிந்து நாளடைவில் மூச்சை அடைத்துவிடும். அவ்வூர்த் தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தங்களுக்குள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 240 பென்ஸ் கொண்ட ஒரு பவுன் கூலியில் 3 பென்ஸை அச்சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அதாவது, எண்பதில் ஒரு பங்கு. அதைக் கொண்டு சங்கம் மருத்துவர்களை ஊதியத்துக்கு அமர்த்தியது. தொழிலாளிக்கு மட்டுமன்றி, அவன் மனைவி மக்களுக்கும் மருத்துவம் கிடைத்தது. கொடுத்தவன் எல்லாம் நோயாளி அல்லன். ஆயினும், நாளைக்கு நோயாளி தானாகவும் இருக்கலாம் என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான்.

அவ்வூரில் 1897-ஆம் ஆண்டு பிறந்தவர் அனூரின் பெவன். சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் தாமும் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய தந்தையார் நிலக்கரித் தூசியால் நேர்ந்த நுரையீரல் நோயால் மாண்டார். இந்தப் பெவனே இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். தம் ஊர் நெடுங்காலம் செய்துவந்ததை நாடெங்கும் விரித்துக்கொடுப்பதே தம் எண்ணம் என்று அவர் கூறியதுண்டு.

அதற்கு முன்பும் பிரிட்டனில் ஒரு சட்டம் இருந்தது. 1911-ஆம் ஆண்டு லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த இன்ஷூரன்ஸ் சட்டம் அது. கூலிக்கு உழைப்பவருக்கு அது மருத்துவ உதவி அளித்தது. ஆனால் அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அளிக்கவில்லை. 1942-ஆம் ஆண்டில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, வறுமையோடும் அறியாமையோடும் சேர்த்து நோயையும் நாடு வெல்லவேண்டிய பகைகளுள் ஒன்றாக எண்ணியது. அந்நோக்கத்தை நிறைவேற்ற 1946-இல் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1948-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில் மருத்துவர்களுள் மிகப் பெரும்பாலோர் இத்திட்டத்துக்கு மாறாகவே வாக்களித்தார்கள். அரசாங்கச் சிப்பந்திகளாகிவிடுவோமோ என்பது அவர்களுடைய அச்சம். பெவன் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். பெரிய மருத்துவர்கள் தனிப்பட்ட முறையிலும் தொழில் நடத்தலாம் என்று இசைந்தார். முடிவில், அதே ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,600-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் ஒரே நாளில் பொதுச் சொத்தாயின.

பிறகு நிகழ்ந்ததைக் கவனிக்கவேண்டும். முதல் ஆண்டில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. செலவு மதிப்பீட்டை மீறியது. "இலவசம் என்றால் மக்கள் இப்படித்தான் மொய்ப்பார்கள்" என்று சிலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் மக்கள் ஆசையால் மொய்க்கவில்லை. அதுவரை கடையில் கிடைத்த மலிவான கண்ணாடியை மாட்டிப் பார்த்துத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பல ஆண்டுகளாக யாரிடமும் கூறாமல் உடல் வேதனையைப் பொறுத்திருந்த தாய்மார்கள் அப்போதுதான் மருத்துவரைத் தேடி வந்தார்கள் என்று அக்காலத்து மருத்துவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் சிறு பணத்தைக் கணவனுக்கும் குழந்தைக்கும் ஒதுக்கிவிட்டுத் தன் நோயைக் கடைசியில் வைப்பவள் தாய். இது வேல்ஸ் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமா? நம் வீடுகளிலும் நாம் காண்பது இதுதானே! மருத்துவத்துக்கு விலை வைத்தால், அவ்விலை முதலில் விலக்கிவிடுவது அவளைத்தான்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 1929-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தது. மாதம் 50 சென்ட், அதாவது அரை டாலர் கட்டவேண்டும்; நோய் வந்தால் 21 நாள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். டிரெடிகர்த் தொழிலாளியின் 3 பென்ஸுக்கும் டல்லாஸ் ஆசிரியரின் 50 சென்டுக்கும் உள்ளபடி என்ன வேறுபாடு? இரண்டும் முன்னே கொடுத்துவைத்த பணமே. இத்திட்டம் பல நகரங்களுக்கும் பரவிப் 'புளூ கிராஸ்' என்ற பெயர் பெற்றது. தொடக்கத்தில் இளைஞருக்கும் முதியவருக்கும், நலமுள்ளவருக்கும் நோயாளிக்கும் ஒரே கட்டணந்தான்.

ஆனால் விதை விழுந்த நிலம் வேறு. போர்க்காலத்தில் அமெரிக்க அரசாங்கம் கூலி உயர்வைக் கட்டுப்படுத்தியபோது, தொழிலாளரை ஈர்க்க விரும்பிய முதலாளிகள் கூலிக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு அளிக்கத் தொடங்கினார்கள். வரிச் சலுகையும் சேர்ந்தது. 1945-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் நாடு முழுவதுக்கும் ஒரே காப்பீட்டுத் திட்டத்தை முன்மொழிந்தார், மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது, அத்திட்டம் நிறைவேறவில்லை. இதற்கிடையில் இலாபம் கருதும் நிறுவனங்கள் இத்துறையில் நுழைந்தன. அவை எல்லாருக்கும் ஒரே கட்டணம் வைக்கவில்லை. இளமையும் உடல் நலமும் உள்ள தொழிலாளர் கூட்டத்தைக் குறைந்த கட்டணத்துக்கு அழைத்துக்கொண்டன. நலமுள்ளவர் விலகியதும் பழைய திட்டத்தில் நோயாளிகளே மிகுந்தார்கள். அதன் கட்டணம் ஏறியது. ஏறவே, இன்னும் சில நலமுள்ளவர்கள் விலகினார்கள். ஆகவே அதுவும் ஒரே கட்டணம் என்ற கொள்கையைப் படிப்படியாகக் கைவிட நேர்ந்தது. முதியவரும் நோயாளியும் ஏழையும் வெளியே நின்றார்கள். எவருக்கு மருத்துவம் மிகுதியாக வேண்டுமோ, அவரே வணிகருக்கு வேண்டாத வாடிக்கைக்காரர் ஆனார்!

இதற்கு எந்த வணிகரின் கொடுமையும் காரணம் அன்று. வணிகத்தின் இயல்பே அது. அரிசி வாங்குபவன் நல்லதும் கெட்டதும் அறிவான். விலை மிகுந்தால் அடுத்த கடைக்குப் போவான். நெஞ்சு வலியோடு கிடப்பவன் எந்தக் கடைக்குப் போவான்? தனக்கு என்ன வேண்டும் என்பதையே விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரே கொள்முதல் மருத்துவந்தான். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1963-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஆராய்ந்தார். நோய் எப்போது வரும் என்பதும் உறுதியில்லை, மருந்து பலிக்குமா என்பதும் உறுதியில்லை. ஆதலின் மற்றப் பொருள்களுக்குப் பொருந்தும் சந்தை விதிகள் மருத்துவத்துக்கு அப்படியே பொருந்தமாட்டா என்று அவர் காட்டினார். சந்தைப் பொருளியலில் ஆழ்ந்து தோய்ந்து, பின்னர் 1972-இல் நோபல் பரிசும் பெற்றவர் கூறிய முடிவு இது என்பது கருதத்தக்கது.

அமெரிக்காவும் இதை ஓரளவு உணர்ந்தது. 1965-இல் முதியவருக்கும் ஏழைகளுக்கும் அரசாங்கமே பணம் கொடுக்கும் திட்டங்கள் வந்தன. 1986-இல், அவசர நிலையில் வருபவரைப் பணம் இல்லை என்று மருத்துவமனைகள் திருப்பி அனுப்பலாகாது என்று சட்டம் ஆயிற்று. ஆயினும் உயிர் பிழைத்தவரைத் தொடர்ந்து விலைச்சீட்டு வரும். 2010-இல் இன்னும் விரிவான ஒரு சட்டம் வந்தது. அதன் பின்னும் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பேர் எந்தக் காப்பீடும் இன்றி இருந்தார்கள். அந்நாடு தன் மொத்த உற்பத்தியில் 17 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. பிரிட்டன் செலவிடுவது ஏறத்தாழ 11 விழுக்காடு. ஆயினும் சராசரி ஆயுளில் அமெரிக்கர் சில ஆண்டுகள் பின்தங்கியே இருக்கிறார்கள். ஆயுளுக்கு மருத்துவம் ஒன்றே காரணம் அன்று; உணவும் வறுமையும் விபத்தும் உண்டு. எனினும், மிகுதியாகக் கொடுப்பவர் மிகுதியாகப் பெறவில்லை என்பதை மறுக்க இயலாது. கட்டணத்தைக் கணக்கிடுவதற்கும், அதை மறுப்பதற்கும், மறுத்ததை எதிர்த்து வாதாடுவதற்கும் செலவாகும் பணம் நோயாளியின் உடம்பைத் தொடுவதே இல்லை.

அப்படியாயின் பிரிட்டனின் வழியில் குறையே இல்லையா? உண்டு, அதை மறைப்பது நேர்மையன்று. பணத்தால் வரம்பு கட்டாத இடத்தில் காலம் வரம்பு கட்டுகிறது. 2023-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிகிச்சைக்காகக் காத்திருந்தோரின் பட்டியல் 77 இலட்சத்தைத் தாண்டியது. ஒருவரே இரண்டு சிகிச்சைகளுக்குக் காத்திருக்கக்கூடும். ஆதலால் ஆட்களின் எண்ணிக்கை சற்றுக் குறையும். ஆனால் இடுப்பு எலும்பு தேய்ந்து, ஒவ்வோர் இரவும் வலியோடு புரண்டு படுக்கும் முதியவருக்கு அந்தத் திருத்தம் ஆறுதல் தராது. அமெரிக்காவில் நல்ல காப்பீடு உடையவர் இப்படிக் காத்திருக்கவேண்டிய நிலை குறைவு. புதிய மருந்துகளையும் சிகிச்சை முறைகளையும் அந்நாடு மிகுதியாக உலகுக்கு அளித்திருக்கிறது என்பதும் உண்மை. அந்த ஆராய்ச்சியில் அரசாங்கப் பணமும் பெரும் பங்கு கொண்டது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

மேலும், பொதுப் பணத்தில் நடக்கும் சேவை ஆண்டுதோறும் நிதியமைச்சரின் கையை எதிர்பார்த்து நிற்கிறது. பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் முடிவு செய்தபோது, 1951-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெவன் தம் பதவியையே துறந்தார். சிறிய கட்டணந்தானே என்று பலர் எண்ணினார்கள். வாயிலில் ஒரு முறை உண்டியல் வைத்துவிட்டால் பிறகு அதன் வாய் அகன்றுகொண்டே போகும் என்பது அவர் கருத்து.

வேல்ஸ் நாட்டிலேயே மற்றொரு சுரங்க ஊரில் தொண்டாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971-இல் இன்னொரு குறையை எடுத்துக்காட்டினார். நோய் மிகுந்த ஏழைப் பகுதிகளில் நல்ல மருத்துவம் குறைவாகவும், நோய் குறைந்த செல்வர் பகுதிகளில் மிகுதியாகவும் கிடைக்கிறது என்றார் அவர். சந்தைக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு இக்கொடுமை வளர்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். பொதுச் சேவை ஒன்றை அமைத்துவிட்டால் போதாது. அது மேட்டுக்கே பாயாதவாறு நாள்தோறும் வாய்க்காலைத் திருத்தவேண்டும் என்பது இதன் பொருள்.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று நாம் இருந்துவிட இயலாது. பிரிட்டனில் 1946-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில் நம் நாட்டிலும் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையைத் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவரும் தக்க மருத்துவத்தை இழக்கக்கூடாது என்பது அவ்வறிக்கையின் அடிப்படை. இன்று நம் நகரங்களில் ஒரே சாலையில் அரசினர் மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்கின்றன. முன்னதில் வரிசை நீளம். பின்னதில் விலைச்சீட்டு நீளம். வரிசையைக் கண்டு சலித்து, தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு எதிர்ப்புறம் செல்லும் குடும்பங்களை நாம் அறிவோம்.

வரிசையும் துன்பமே, விலைச்சீட்டும் துன்பமே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வரிசை நீள்வது பொதுக் குறை. எல்லாரும் சேர்ந்து வரி கொடுத்தும், வாக்கு அளித்தும், தட்டிக் கேட்டும் அதைக் குறைக்கலாம். வரிசையில் நிற்பவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் உண்டு. விலைச்சீட்டை ஏந்தி நிற்பவரோ தனி ஆள். அதனால்தான், வரிசையைக் காரணம் காட்டிப் பொது மருத்துவத்தைக் கைவிடச் சொல்வோரின் பேச்சுக்கு நாம் இணங்கலாகாது. அவ்வாறே, பொது மருத்துவம் என்ற பெயரைக் காட்டி வரிசையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வோருக்கும் இணங்கலாகாது.

நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட தந்தையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர் கையில் நோயுற்ற குழந்தையின் பாரம் இருக்கிறது. அதை நாம் வாங்கிக்கொள்ள முடியாது. "எவ்வளவு ஆகும்?" என்ற இரண்டாவது வினாவின் பாரத்தை மட்டுமேனும் அவர் தோளிலிருந்து இறக்கிவைக்க முடியும். டிரெடிகர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் மூன்று பென்ஸைக் கொண்டு அதைச் செய்து காட்டினார்கள்.