கொல்லாது அறிதல்



உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காண்பது சமண மரபு. அவ்வரிசையில் எறும்பு மூவறிவுயிர். தும்பியும் வண்டும் நாலறிவுயிர்கள். தொல்காப்பிய மரபியலும் எறும்பை மூவறிவுக்கும் தும்பியை நான்கறிவுக்கும் உரியனவாகவே வைக்கிறது. எந்த உயிர் என்று அறியாதவன் அதனைக் காப்பதும் அரிது.

ஆயினும் பூச்சிகளை இனங்காணும் அறிவியல் நெடுங்காலம் ஊசிமுனையிலேயே வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவர் கோனிக் சேகரித்து அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவில் ஃபப்ரீசியஸ் பெயர் சூட்டினார். பூச்சியைக் கொன்று, உலர்த்தி, ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கினால்தான் அதன் பெயரை அறிய முடியும் என்பதே அன்றைய நிலை. கொல்லாமை நோன்புடைய குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு அக்கல்வியின் வாயில் ஏறக்குறைய அடைபட்டிருந்தது.

அவ்வாயிலைப் பெருமளவு திறந்துவிட்டது மேக்ரோ ஒளிப்படக் கலை. பூச்சியின் உண்மை அளவும், காமிராவின் உணர்தகட்டில் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றாக இருப்பதே முழுமையான மேக்ரோ. அந்த நெருக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாகப் பதியும். கண் தெளிந்தால் சிறகு மங்கும். எனவே ஒரு படம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று எனப் பல கோணங்கள் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முழுப்பொருளையும் முடிவு செய்தல் பிழை என்னும் அநேகாந்தப் பாடம் இங்கே கைத்தொழிலாகவே பயிலப்படுகிறது.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் வீடுகளின் கறிவேப்பிலைச் செடியே இதற்கு நல்ல சான்று. அதன் இலைமேல் பறவை எச்சம் போல் ஒன்று ஒட்டியிருக்கும். அது எச்சமன்று; இளம் புழு. வளர்ந்ததும் பச்சை நிறம் கொள்ளும்; தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைபட்ட செந்நிற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். அஞ்சிய கை அதனை நசுக்குகிறது, அல்லது மருந்தைத் தேடுகிறது. அப்புழுவே சில வாரங்களில் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இச்செடியில் வாழ்வதுண்டு. இளமையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். நாள்தோறும் ஒரு படம் எடுத்து வருபவரே வேறுபாட்டை உணர்வார்.

சிறகு முளைத்த பின்னும் குழப்பம் தீர்வதில்லை. ஆடுதின்னாப்பாளையை உண்டு வளரும் சிவப்புடல் அழகி நஞ்சுடையது. பறவைகள் அதனை விலக்கும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சின்றியே அதன் கோலத்தை ஏற்றுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. 1775இல் கிராமர் என்னும் அறிஞரே இப்பெண்ணை 'ரோமுலஸ்' என்னும் தனி இனமாகக் கருதிப் பெயரிட்டார். அது வேறோர் இனத்தின் பெண்ணே என்பது பின்னரே தெளிந்தது. சிறகை மட்டும் படம் பிடித்தவர் இன்றும் ஏமாறுவார். உடலையும் சேர்த்துப் பிடித்தவருக்கு விடை எளிது: உடல் சிவப்பாயின் சிவப்புடல் அழகி, கறுப்பாயின் கறிவேப்பிலை அழகி.

முசுறு எறும்புகளிடையே அவற்றைப் போலவே நடமாடும் சிலந்தி ஒன்றும் உண்டு. பக்கவாட்டுப் படத்தில் கால்களை எண்ணினால் ஆறுக்கு மாறாக எட்டு இருக்கும். சிலந்திகளைப் பொறுத்தவரை தாம்பரம் பெயர் பெற்ற ஊர். 1937இல் இங்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் இன்றும் புதர்க்காடு எஞ்சி நிற்கிறது. இப்பகுதிப் புதர்க்காட்டின் சிலந்திகளை ஆராய்ந்து ஜான் காலெப் எழுதிய கட்டுரை 2020இல் வெளிவந்தது. நன்மங்கலம் காப்புக்காடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இவ்வாறே பொறுமையுடன் காண்பவருக்குக் காத்திருக்கின்றன.

படத்தின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறு ஈக்கள், வண்டுகள், அந்துப்பூச்சிகள் பலவற்றை நுண்ணோக்கியின்கீழ் உறுப்புகளை ஆராய்ந்தே இனம் பிரிக்க இயலும். அத்தகைய படத்தின் கீழ் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே வாய்மை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத்தளங்களில் இடமும் நாளும் குறித்துப் படத்தை இட்டால், அறிந்தோர் கருத்துரைப்பர். மூவரில் இருவருக்கு மேல் உடன்பட்டால்தான் இனப்பெயர் உறுதி பெறும். தன் முடிவைப் பிறர் திருத்த இசைவதும் ஒரு பயிற்சியே.

படமெடுப்பதிலும் இம்சை நுழையக்கூடும். அசையாதிருக்கும் பொருட்டுப் பூச்சியைக் குளிர்பெட்டியில் அடைப்போரும், பசையிட்டு ஒட்டுவோரும் உளர். அதற்குத் தேவையே இல்லை. விடியற்காலையில் உடல் வெம்மை பெறும் வரை பல பூச்சிகள் தாமாகவே அசைவின்றி இருக்கும். மண்டியிடுமுன் முழங்கால் படும் தரையையும் நோக்குதல் வேண்டும். ஒன்றைப் படம் பிடிக்கப்போய்ப் பத்தை நசுக்கலாகாது. முனிவர் கைப்பீலி கற்பிக்கும் எச்சரிக்கை காமிரா ஏந்துபவருக்கும் உரியது.

மழைக்காலத்தில் கறிவேப்பிலைச் செடி தளிர்க்கும்போது புழுவும் வரும். அவ்வேளையில் வீட்டுப் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்து, மூன்று கோணங்களில் படமெடுத்து, நாளும் பெயரும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். நான்கு இலைகள் குறையும். பெயர் தெரிந்த ஓர் உயிரை நசுக்க அதன்பின் அப்பிள்ளையின் கை எளிதில் எழாது.