எதிர்வரிசையில் அமர்ந்த மகள்



அரசியல் குடும்பத்து வாரிசு என்றதும் தந்தை அமர்ந்த நாற்காலியில் பிள்ளை அமரும் காட்சியே பலர் மனக்கண்ணில் தோன்றும். தொகுதியும் கட்சியும் குடும்பச் சொத்தைப்போலக் கைமாறுவதை நாடு பலமுறை கண்டிருக்கிறது. இவ்வழக்கிற்கு மாறாக, தந்தை அமைச்சராக வீற்றிருந்த அவையிலேயே எதிர்வரிசையில் அமர்ந்த மகள் ஒருவர் உண்டு. அவரே பார்வதி கிருஷ்ணன்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக விளங்கியவர். அவருடைய துணைவியார் ராதாபாய், மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளி நடத்திய குத்முல் ரங்காராவின் மகள். சாதி கடந்த திருமணம் அது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட ராதாபாய், 1938இல் இந்திய மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி என்ற சிறப்பையும் பெற்றார்.

இத்தகைய இல்லத்தில் 1919ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் பார்வதி பிறந்தார். மூத்த தமையன் பரமசிவ பிரபாகர் பிற்காலத்தில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மற்றொரு தமையன் மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமைப் பாதையைத் தேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்ற பார்வதியும் அப்பாதையிலேயே நடந்தார். 1942இல் கட்சித் தோழர் என். கே. கிருஷ்ணனைக் கைப்பிடித்தார். ஜமீன் செல்வம் அளித்த கல்வியே ஜமீன் முறையை வினவும் துணிவையும் அளித்தது எனலாம்.

1954இல் மாநிலங்களவை உறுப்பினரான பார்வதி, 1957 பொதுத்தேர்தலில் கோவைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். பரம்பரைச் செல்வாக்கு மிகுந்த திருச்செங்கோட்டை அவர் நாடவில்லை. பஞ்சாலைச் சங்கொலிக்கு எழுந்து வேலைக்கு ஓடும் மக்கள் நிறைந்த நகரமே அவரைத் தில்லிக்கு அனுப்பியது. அதே தேர்தலில் திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக வென்றவர் அவருடைய தந்தையார்!

1959இல் சுப்பராயன் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சரானார். மறு ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஊதியக் கோரிக்கைகளை முன்வைத்து நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அஞ்சல், தந்தி ஊழியர்களும் அதில் பங்கேற்றனர். அத்துறை தந்தையின் பொறுப்பில் இருந்தது. மகளின் கட்சியோ ஊழியர் பக்கம் நின்றது. ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் நாட்டின் பெரியதொரு வழக்கில் இருவேறு அணிகளில் நின்ற அரிய காலம் அது. பாசம் கொள்கையை விலைக்கு வாங்கவில்லை.

காலம் மற்றொரு சோதனையையும் வைத்தது. மோகன் குமாரமங்கலம் பின்னாளில் காங்கிரசில் சேர்ந்து மத்திய அமைச்சரானார். 1973 மே 31 அன்று தில்லி அருகே நேர்ந்த விமான விபத்து அவரைப் பலிகொண்டது. அதே விமானத்தில் பயணம் செய்த கோவைத் தொகுதியின் கம்யூனிஸ்டு உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் மாண்டார். தமையனையும் தோழரையும் ஒருங்கே பறித்த விபத்தினால் காலியான அத்தொகுதியில் 1974 இடைத்தேர்தலில் நின்று வென்றார் பார்வதி. அந்த நாற்காலியில் குடும்ப உரிமை ஏதுமில்லை. துயரத்தின் பாரம் மட்டுமே இருந்தது.

1975இல் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலையை அவருடைய கட்சி ஆதரித்தது. அவ்வியக்கத்தின் வரலாற்றில் அது அழியாத வடு. ஆயினும் காங்கிரஸ் ஆட்சியை வடநாடு வீழ்த்திய 1977 தேர்தலில் கோவை வாக்காளர் பார்வதியை மூன்றாம் முறையாக மக்களவைக்கு அனுப்பினர். தாம் வாழ்ந்து பணியாற்றிய கோவையிலேயே 2014 பிப்ரவரியில் தமது 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவருடைய தமையன் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரசிலும் பின்னர் பாரதீய ஜனதாவிலும் இருந்து அமைச்சரானவர். ஒரு குடும்பம் எத்தனையோ கட்சிகளைக் கண்டுவிட்டது. அவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது இந்த அவையின் வேலையன்று. கவிஞர்கள் நிறைந்த இம்மன்றம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. யாப்பை முன்னோரிடமிருந்து பெறலாம். பாடுபொருளைத் தானே தேடிக் கண்டடைய வேண்டும். பெற்றோர் தந்த கல்வியையும் அஞ்சாமையையும் ஏற்றுக்கொண்டு, தமக்குரிய மக்களைத் தாமே தேடிக்கொண்டவர் பார்வதி கிருஷ்ணன். மரபுக்கு உரியவராவது அவ்வாறுதான்.