ஒரு கூரையும் பல குடித்தனங்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசப்படும், இசை முழங்கும். இவ்வாண்டு கணினியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு இப்பொருளைப் பேச என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். பட்டுத் தெரிந்துகொண்டோம் என்னும் ஓர் உரிமையே நமக்குண்டு. பட்ட கதையைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம்.

'சர்வர்' என்றவுடன் நம்மில் மூத்தோர்க்கு ஓட்டலில் இட்டலியும் சாம்பாரும் கொண்டுவந்து வைப்பவரே நினைவுக்கு வருவார். கணினி உலகத்துச் சர்வரும் அவ்வேலையைத்தான் செய்கிறது. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் கணினி அது. ஊருக்குப் போகப் பயணச் சீட்டு எடுக்கையிலும், வங்கியில் இருப்பைப் பார்க்கையிலும், எங்கோ குளிரூட்டிய அறை ஒன்றில் இருக்கும் சர்வர் நமக்கு விடை தருகிறது. தமிழில் இதனை 'வழங்கி' என்கிறார்கள், பொருத்தமான பெயரே.

முன்னாளில் நிறுவனங்கள் ஒரு வேலைக்கு ஒரு வழங்கி என்று வாங்கி வைத்தன. கணக்குக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று. ஒரு நிரல் கெட்டுப்போனால் மற்றொன்றையும் கெடுத்துவிடக் கூடாதே என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். ஒரு நிரல் விண்டோசில்தான் ஓடும், மற்றொன்று லினக்சில்தான் ஓடும் என்பது பிறிதொரு காரணம். விளைவு யாது? அறை நிறைய இயந்திரங்கள். அவற்றுட் பெரும்பாலானவை பெரும்பொழுது சும்மா இருந்தன. சும்மா இருந்தாலும் மின்சாரம் உண்டன, வெப்பம் கக்கின, அவ்வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனமும் மின்சாரம் உண்டது. எட்டு அறை கொண்ட வீட்டை ஒற்றை ஆளுக்கு வாடகைக்கு விட்டாற்போன்ற நிலை அது.

அவ்வீட்டை என்ன செய்யலாம் என்று நம் காலனித் தாய்மார்களைக் கேட்டால் நொடியில் விடை சொல்வார்கள். சுவர் வைத்துத் தடுத்து, நான்கு ஒண்டுக்குடித்தனங்களுக்கு விடலாம்! கணினி அறிஞர்கள் செய்ததும் அதுவே. ஒரே இயந்திரத்திற்குள் பல கணினிகள் இருப்பதுபோல் ஆக்கினார்கள். இவற்றிற்கு 'மெய்நிகர் கணினிகள்' என்று பெயர். மெய்யான கணினி கூரை. மெய்நிகர் கணினிகள் அதனடியில் வாழும் குடித்தனங்கள்.

இக்குடித்தனங்களை ஆளும் நிரலுக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். கணினியில் மற்ற நிரல்களை மேற்பார்க்கும் அடிப்படை நிரலைச் 'சூப்பர்வைசர்' என்றழைப்பது பழைய வழக்கம். அந்தச் சூப்பர்வைசருக்கும் மேலே நிற்பதால் இது ஹைப்பர்வைசர் ஆயிற்று. மேலதிகாரிக்கு ஒரு மேலதிகாரி உண்டென்பது அலுவலகத்தில் பணிபுரிவோர்க்குப் புதிய செய்தி அன்று.

அது வேலை செய்யும் முறையை இரயில்வேக்காரர்கள் எளிதில் உணரலாம். இரட்டைப் பாதை வருமுன் மைசூர் – பெங்களூர் மார்க்கம் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. அதில் பல வண்டிகள் ஓடின. எனினும் ஒரு பகுதிக்குள் ஒரு வேளையில் ஒரு வண்டிதான். லைன் கிளியர் கிடைத்த வண்டிக்கு அப்பொழுது பாதை முழுதும் தனதே. அவ்வாறே ஹைப்பர்வைசரும் கணினியின் செயலியை ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் மிகச் சிறு தவணைகளாக மாறி மாறிக் கொடுக்கிறது. நினைவகத்தையும் சேமிப்புத் தட்டையும் பங்கிட்டு, ஒருவர் பங்கை மற்றவர் தொடாமல் காக்கிறது. உள்ளே குடியிருக்கும் விண்டோசோ லினக்சோ தான் தனி வீட்டில் வாழ்வதாகவே எண்ணிக்கொள்கிறது.

இது நேற்று முளைத்த கலை அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967-இல் சி.பி.-40 என்னும் அமைப்பை ஓட்டிக் காட்டினர். ஒரு பெருங்கணினிக்குள் 14 மெய்நிகர் கணினிகள் வரை அதில் இயங்கின. 1972-இல் அதே நிறுவனம் வி.எம்./370 என்ற பெயரில் இதனை வணிகத்திற்கு அறிவித்தது. பின்னர்ச் சிறு கணினிகள் மலிந்தன, கலை மங்கிற்று. அச்சிறு கணினிகளின் செயலி இம்முறைக்கு ஏற்றவாறு அமையவும் இல்லை. 1998-இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் அத்தடையை மென்பொருளின் திறத்தால் கடந்தது. 2001-இல் வழங்கிகளுக்கென்றே ஒரு ஹைப்பர்வைசரை வெளியிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து 2003-இல் 'சென்' வந்தது. 2005-இலும் 2006-இலும் இண்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் செயலியிலேயே இதற்கான வசதியைப் பதித்தன. 2007-இல் 'கே.வி.எம்.' லினக்சின் கருவோடு சேர்ந்தது. அதை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம்.

இதனால் வணிகர்க்கு விளையும் பயன்கள் யாவை?

முதலாவது, சிக்கனம். பத்து இயந்திரங்களின் வேலையை இரண்டு மூன்று செய்தால் விலையும் மின்சாரமும் இடமும் மிச்சம்.

இரண்டாவது, விரைவு. புது வழங்கி வேண்டுமெனில் முன்பு கொள்முதல் ஆணை எழுதி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று சில நிமிடங்களில் ஒரு மெய்நிகர் வழங்கியை எழுப்பலாம். வேலை முடிந்ததும் கலைத்துவிடலாம். தட்கல் சீட்டுக்குக் காலை பத்து மணிக்கு எத்தனை கூட்டம் என்பதை நாமறிவோம். அதுபோல் ஒரு வேளை கூட்டமும் மறுவேளை வெறுமையுமாக இருக்கும் தொழில்களுக்கு இது பெரும் உதவி. 2006-இல் அமேசான் நிறுவனம் மெய்நிகர் வழங்கிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது இவ்வழியில்தான். 'மேகக் கணிமை' என்று இன்று பேசப்படுவதன் அடித்தளமும் இதுவே. நம் நாட்டு அரசும் 2014-இல் 'மேகராஜ்' என்னும் பெயரில் தேசிய மேகத்தைத் தொடங்கி, அரசுத் துறைகளுக்கு மெய்நிகர் வழங்கிகளை அளித்து வருகிறது.

மூன்றாவது பயனே நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. மெய்நிகர் கணினி என்பது, முடிவாகப் பார்த்தால், சேமிப்புத் தட்டில் உள்ள சில கோப்புகளே. ஆகவே அதை நகலெடுக்கலாம். ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திற்குக் குடி மாற்றலாம். இரும்பு துருப்பிடித்தாலும் அதில் வாழ்ந்த கணினி சாவதில்லை.

இனி நம் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய சிக்கன நாணயச் சங்கத்தின் கணக்கை ஊதியமின்றி எழுதி வந்தோம். அதன் கணக்கு நிரல் விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தது. அந்த விண்டோசுக்கு அதன் நிறுவனத்தார் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டனர். நிரலை எழுதிக் கொடுத்தவரோ வெளிநாடு சென்றுவிட்டார். கணினி முதுமையால் தள்ளாடியது. புதிய கணினியில் அந்நிரல் ஓடவில்லை. கணக்குப் போய்விடுமே என்று கலங்கி நின்றோம்.

காலனி இளைஞர் ஒருவர் ஞாயிறன்று வந்தார். பழைய கணினியின் தட்டு முழுவதையும் ஒரு கோப்பாக்கி, விலையில்லா மென்பொருள் ஒன்றைக் கொண்டு புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக எழுப்பினார். அதே பழைய திரை, அதே கணக்கு. ஆதரவு இழந்த விண்டோஸ் ஆகையால் அதனை இணையத்தோடு இணைக்காமல் வைத்தார். புறப்படும்போது, "மாமா, இந்தக் கோப்பை வாரந்தோறும் வேறொரு தட்டில் நகலெடுத்து உங்கள் வீட்டில் வையுங்கள்" என்றார்.

இரண்டு வாரம் எடுத்தோம். மூன்றாம் வாரம் வேலை மிகுதி. பிறகு மறந்தோம். பத்துத் திங்கள் கழித்துப் புதிய கணினியின் தட்டு பழுதாயிற்று. பத்துத் திங்கட் கணக்கும் அதனோடு போயிற்று. பிழை முழுவதும் நம்முடையதே.

செய்தி பரவியது. ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவரின் மனைவி, கணவரை இழந்தவர், சேமிப்புப் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, "தம்பி, என் பணம் இருக்கிறதா?" என்று கேட்டார். பேத்தியின் திருமணத்திற்கென அவர் சேர்த்தது அது. "இருக்கிறது, அம்மா" என்று சொல்லிவிட்டோம். இருப்பை மெய்ப்பிக்கக் கையில் ஏடு ஏதுமில்லை. அன்றிரவு முதல் உறுப்பினர் ஒவ்வொருவரின் புத்தகத்தையும் வாங்கி, இரசீதுகளோடு ஒத்துப் பார்த்து, மூன்று வாரம் கண்விழித்துக் கணக்கை மீட்டெழுதினோம். இறுதியில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆயினும் அந்த அம்மையாரின் முகம் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆதலின் இக்கலையின் குறைகளையும் சொல்வது நம் கடமை. பல குடித்தனம் ஒரு கூரையின்கீழ் இருப்பின், கூரை சரிந்தால் அத்தனை பேரும் தெருவில் நிற்பர். அதனாலன்றோ அறிவுள்ள நிறுவனங்கள் ஒன்றுக்கு இரண்டு இயந்திரங்கள் வைத்து, நகலை வேற்றூரில் காக்கின்றன! குடித்தனங்களுக்கு இடையேயுள்ள சுவரிலும் விரிசல் காணலாம். செயலிகளிலேயே அத்தகைய குறைகள் உண்டென்று 2018-இல் வெளிப்பட்டது. வீட்டுக்காரர் மாறினால் வாடகை முறையும் மாறும். 2023 நவம்பரில் வி.எம்.வேரைப் பிராட்காம் வாங்கிற்று. அடுத்த மாதமே ஒருமுறை விலை கொடுத்து என்றும் வைத்துக்கொள்ளும் உரிமம் நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது.

இங்கே கடை நடத்தும் அன்பர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பழைய கணினியில் இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மெய்நிகர் கணினியாக மாற்றிக்கொள்ளுங்கள். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் நூலகப் பட்டியலும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. அவற்றின் நகல் ஒன்று வேறோர் இல்லத்திலும் இருக்க வேண்டுமெனச் செயற்குழுவை இம்மேடையிலிருந்தே வேண்டிக்கொள்கிறோம். வாரந்தோறும் சனிக்கிழமை அந்நகலை எடுத்து வைக்கும் பொறுப்பை நாமே ஏற்கிறோம், இம்முறை மறவோம்.